அரசனுக்கு முதுகு காட்டியவள்

முன்னொரு காலத்தில், இராசகம்பீரன் என்றொரு அரசனுக்கு விசித்திரமான ஆசை வந்தது. புகழ்மாலை பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குடிமக்களுக்குத் தன்னை உண்மையிலேயே பிடிக்கிறதா என்று அறிய வேண்டும். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்வதுபோலத் தன்னையும் குடவோலைக்கு விட்டான். பிடித்தவர் ‘வேண்டும்’ என்றும் பிடிக்காதவர் ‘வேண்டாம்’ என்றும் ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம்.

அந்த நாட்டில் குடம் செங்கமலத்தாள் என்ற குடக்காவலியின் பொறுப்பு. ஐந்தாண்டு முடியும்வரை அவளை அரசனாலும் விலக்க முடியாது. ஓலை எண்ணும்போது அரசனுக்கு முதுகு காட்டி, மக்களைப் பார்த்து உட்காரும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. அரசனின் பாட்டன் வகுத்த சட்டம் அது. அரண்மனை விகடன் கூத்தபிரானுக்கு யாரைக் கண்டாலும் கேலிதான். அவளைக் கண்டால் மட்டும் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அமைச்சர் வில்லவராயருக்கோ இருவரையும் கண்டால் ஆகாது. முதுகு காட்டுவது பெரும் அவமதிப்பு என்று அரசன் காதைக் கடித்து, அந்தப் பழைய சட்டத்தையே மாற்றும் ஓர் உத்தரவு வாங்கிவிட்டார். செங்கமலத்தாள் விலக்கப்பட்டாள். இனிக் குடக்காவலரை அரண்மனையே நியமிக்கும். அவர் அரசர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஓலை எண்ண வேண்டும். எடுத்தால் தலை போகும். அந்தப் பதவியைக் கூத்தபிரான் தலையிலேயே கட்டினார். ‘வேண்டாம்’ என்று ஓர் ஓலை வாசித்தாலும் ஆள் தொலைந்தான் என்பது அவர் நினைப்பு.

மறுநாள் காலை மைதானம் நிரம்பி வழிந்தது. கூத்தபிரான் அரசனைப் பார்த்து உட்கார்ந்தான். குடத்துக்குள் கையை விட்டு ஓலையை எடுத்தான். அதைப் பார்க்காமலே “வேண்டும்” என்றான். ஐம்பது ஓலை இப்படியே போயிற்று. கூட்டத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.

“ஓலையைப் பார்க்காமல் எப்படி வாசிக்கிறாய்?” என்று அரசன் கேட்டான்.

“தங்கள் திருமுகத்தில் வாசிக்கிறேன், அரசே. கண்ணை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. ஒருமுறை ‘வேண்டாம்’ என்று வாயெடுத்தேன், தங்கள் புருவம் ஏறியது, உடனே திருத்திக்கொண்டேன்.”

“குடத்தில் உள்ளது என்ன?”

“அது எனக்கெதற்கு? நான் தாங்கள் வைத்த ஆள். நாளையே தாங்கள் தூக்கி எறியலாம். என் வாயில் தங்களுக்குப் பிடித்தது மட்டுமே வரும்.”

அரசன் முகம் சுருங்கிப்போயிற்று. கேட்க ஆசைப்பட்ட ஒரே உண்மையின் வாயைத் தானே அடைத்துவிட்டது அவனுக்குப் புரிந்தது. உத்தரவைக் கிழித்துவிட்டுச் செங்கமலத்தாளை வரவழைத்தான்.

அவள் நிதானமாக வந்தாள். எடுத்த ஓலைகளை மீண்டும் குடத்திலிட்டுக் குலுக்கினாள். அரசனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பின்னால் ஐம்பது வாள்வீரர்கள் நின்றார்கள்.

“வேண்டும். வேண்டும். வேண்டாம், அரசரின் குதிரைகள் எங்கள் கம்பங்கொல்லையை மேய்கின்றன.”

மைதானத்தில் எல்லாக் கண்களும் வாள்களின் பக்கம் திரும்பின. அவள் குரல் நடுங்கவில்லை. எந்த ஓலைக்கும் அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இப்படியும் ஒரு மனுஷியா என்று கூத்தபிரானுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேண்டாம் நானூற்று ஏழு. வேண்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவள் சொல்லி முடித்ததும் எழுந்த ஆரவாரத்தில் அரசனுக்கு உடம்பு சிலிர்த்தது.

“இத்தனை வருடம் ஆண்டேன், இன்றுதான் வென்றேன்” என்றான். குதிரைகளைக் கட்டிப்போடும் பொறுப்பை வில்லவராயரிடமே கொடுத்தான். பிறகு இரண்டு முத்துமாலைகளைக் கொண்டுவரச் சொன்னான்.

செங்கமலத்தாள் கைகூப்பி மறுத்தாள். “பதவியில் இருக்கும்வரை அரண்மனைப் பரிசு எனக்கு ஆகாது.”

கூத்தபிரான் இரண்டு கைகளையும் நீட்டினான். “எனக்கு இன்று காலையே பதவி போய்விட்டது, அரசே. இரண்டையும் இங்கே தரலாம்.”

அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, இரண்டையும் அவன் கழுத்திலேயே போட்டான்.