நாலு நிமிஷம்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் கம்பெனி. ஜார்க்கண்டிலிருந்து ஏஜென்ட் கூட்டிவந்த பெண்களில், வந்த இடத்தில் தமிழ் பழகிக்கொண்ட சுகுர்மணியும் ஒருத்தி. கழிப்பறைக்குப் போனால் நாலு நிமிஷத்தில் திரும்ப வேண்டும் என்று மேனேஜர் தவசிக்கனி அங்கே பலகை மாட்டியிருந்தார். தாமதித்தால் ஊருக்கு ரயிலேற்றிவிடுவார். அதற்குப் பயந்து அடக்கி அடக்கியே அவள் தோழி பூலோவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

ஒருநாள் சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் சோதனைக்கு வந்தார்.

"சுத்தமெல்லாம் சுவத்துல எழுதியிருக்கிறபடிதான் மேடம். ஓர் எழுத்து பிசகாது," என்றார் மேனேஜர்.

"கழிப்பறைக்குப் போயிட்டு வர்றதை யாராவது செஞ்சு காட்டட்டும்."

மேனேஜர் சுகுர்மணியைக் கைகாட்டி, "எழுதியிருக்கிறபடியே செய்யணும்," என்று முறைத்தார்.

"அப்படியே செய்றேன் சார்."

சுவரில் எழுதியிருந்த சுத்த விதிகளை அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். கையுறை, மேலங்கி, பூட்ஸ் எல்லாம் கழற்றினாள். போய்வந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மருந்துத் தண்ணீரில் கையை நனைத்தாள். மறுபடி எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

அம்மாளின் கண் பலகைக்குப் போனது. "இதெல்லாம் நாலு நிமிஷத்துல எப்படி முடியும்?"

"எங்களுக்கு வரலைம்மா," என்றாள் சுகுர்மணி பணிவாக. "சாருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர்தானே எழுதினார்."

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அதையே செய்து காட்ட மேனேஜரை அனுப்பினார். நாலு நிமிஷம் முடிந்தபோது அவர் இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தார்.

பலகை அப்போதே இறங்கியது. அம்மாள் சுகுர்மணியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அடுத்த மாசம் வருவேன்," என்றார் மேனேஜரிடம். "முதல்ல சுகுர்மணியைத்தான் பார்க்கணும், இங்கேயே வேலையில."