ராகு காலத்தில் நழுவிய ஏழடிப் பையன்

ஆட்டம் அமெரிக்காவில் நடந்தது, தோற்றவர்கள் எங்கள் ஊர் மேட்டுவலசில் இருந்தார்கள் என்றால் நீங்கள் நம்புவீர்களா? தோற்ற மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர் குப்பண்ணன். அதனால் எனக்கு நம்பாமல் இருக்க வழியில்லை.

மற்ற இருவர் கேப்டன் செங்கோடனும், ஊரிலேயே உயரமான அப்பாவுவும். மூவரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறி நின்றால் கூடைப்பந்துதான். வேப்பமரத்தில் ஒரு சைக்கிள் சக்கரத்தைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் இருந்த கம்பிகளைக் கழற்றவில்லை. கழற்றினால் நல்ல சக்கரம் வீணாகிவிடுமாம். ஆகவே சரியாக எறிந்த பந்தெல்லாம் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பாவு எட்டி எடுத்துத் தருவார். ஆட்டம் தொடரும்.

டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் சதாசிவம், போனிலேயே ஆடுகிற லீக் ஒன்றை ஆரம்பித்தார். ஜெயிக்கும் ஊருக்கு நிஜமான இரும்புக் கம்பமும் வளையமும் பரிசு. அதைக் கேட்டதிலிருந்து இவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவில் ஆடுகிறவர்களில் ஐந்து பேரைப் போனில் பொறுக்க வேண்டும். அவர்கள் அங்கே எடுக்கும் புள்ளி இங்கே நம் கணக்கில் ஏறும். கூடவே ஓர் இளம் வீரனைக் காத்திருப்பு இடத்தில் வைத்து வளர்க்கலாம். அவன் புள்ளி சேராது. தேறியதும் ஐவரில் ஒருவரை விடுவித்துவிட்டு, இவனுக்கு ஒப்பந்தம் போட்டு உள்ளே ஏற்ற வேண்டும். இவர்கள் டோரன் என்று ஏழடிப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள்.

பையனைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் சதாசிவம். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு அவன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்ததும், பையன் தூங்கிவிட்டான் என்று எழுந்து வந்தார்.

ஐவரில் ஒருவனுக்குக் கால் சுளுக்கியது. அவனுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் சதாசிவம். போனை அணைத்துத் துண்டில் சுற்றி அரிசிப் பானையில் வைத்தார்கள். பானையருகே நான் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைக்க வேண்டியிருந்தது. போன் அணைந்து கிடந்ததால் யாரையும் ஆட்டத்தில் இறக்கவில்லை; அந்த வாரம் புள்ளி முட்டை.

அப்படியும் கடைசி வாரம் இரண்டாம் இடத்தில் இருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆடிய லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முதலிடம் பக்கத்து ஊர் பள்ளத்துவலசுக்கு. அமெரிக்காவிலோ டோரன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அவனை உள்ளே ஏற்றினால் கம்பம் நமக்கு, தவறினால் யார் வேண்டுமானாலும் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று சதாசிவம் போன் செய்தார். ஒரு பட்டனை அமுக்கினால் போதுமாம்.

செங்கோடனுக்கு அது நியாயமாகப் படவில்லை. "எதிர்ல ஆளே இல்லாம ஒப்பந்தமா? நாளைக்கு அவன் ஊட்டுப் பெரியவங்க வந்து கேட்டா மூஞ்சிய எங்க வெக்கறது?"

ஆகவே பையன் தரப்பில் ஒருவர் உட்கார வேண்டும் என்று முடிவானது. உயரத்தை உத்தேசித்து அப்பாவு உட்கார்ந்தார். விடுவிக்கப்படும் கிழட்டு வீரன் சார்பில் என் வீட்டுக்காரர். நடுவில் வெற்றிலைத் தட்டு.

செங்கோடன் மூன்று வருஷம் என்றார். அப்பாவு தலையை ஆட்டினார்.

"மூணு வருசம் கட்டிப்போட்டா பையனுக்கு எப்பங்க கண்ணாலம் ஆகறது? இத்தன மாசமா வெளிய உக்கார வெச்சீங்களே, ஒரு வாய் டீ உண்டா?"

செங்கோடன் தலைகுனிந்தார். டீயும் போண்டாவும் வந்தன. பையன் தரப்பு ஐந்து போண்டா சாப்பிட்டு, இரண்டு வருஷத்துக்கு இறங்கி வந்தது. அதற்குள் மணி நாலரை தாண்டிவிட்டது.

முதலில் கிழவனை விடுவித்தார்கள். பட்டனை அமுக்கியதும் என் வீட்டுக்காரர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்து டோரன். செங்கோடன் விரலை நீட்டியபோது அப்பாவு கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைங்க. ஆறு மணி வரைக்கும் ராகு காலம்."

"அப்ப அவர விட்டது?" என்றார் செங்கோடன்.

"போறவருக்கு நேரம் எதுக்குங்க? வர்றவனுக்குத்தான் பாக்கோணும்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மூவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி பயபக்தியோடு காத்திருந்தார்கள். சதாசிவம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கெட்ட நேரத்தில் பேச வேண்டாம் என்று எடுக்கவில்லை. ஆறு அடித்து, தீபாராதனை காட்டி, செங்கோடன் பட்டனை அமுக்கினார். டோரன் பள்ளத்துவலசு அணியில் நின்றுகொண்டிருந்தான்.

இரும்புக் கம்பமும் அந்த ஊருக்கே போனது.

என் வீட்டுக்காரர், தன்னைத்தான் விடுவித்துவிட்டார்களே என்று ஒரு வாரம் வேப்பமரத்துப் பக்கமே போகாமல் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, நல்ல நேரம் பார்த்து, அப்பாவு துணிப்பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார். டோரன் சார்பில் உட்கார்ந்தவர் அல்லவா? டோரன் எங்கேயோ, தானும் அங்கே இருப்பதுதானே முறை என்று பள்ளத்துவலசுக்குக் கிளம்பிவிட்டார். செங்கோடன் அதில் ஒரு தப்பும் காணவில்லை. மாலை போட்டு அனுப்பிவைத்தார்.

செங்கோடன் திரும்பி வந்து, மனசு ஆறட்டும் என்று ஒரே ஒரு பந்து எறிந்தார். அழகான எறி. பந்து போய்ச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பள்ளத்துவலசுக் கேப்டனுக்குப் போன் போட்டார்.

"வணக்கமுங்க. உங்க ஏழடிப் பையன் இப்பத்தான் அங்க வந்து எறங்கியிருப்பானுங்க. அவன ஒரு அஞ்சு நிமிசம் இங்க அனுப்பி வெய்யுங்களேன், எங்க பந்து மேல மாட்டியிருக்குது."