நாலாவது கேள்வி

"டீச்சர், தாண்டி வந்த கேள்விக்குத் திரும்பிப் போக ஒரு வழியுமே இல்லையா?"

சவரிமுத்து இதைக் கேட்பது அந்த வாரத்தில் மூன்றாவது முறை.

ரிஸ்வானா ஒரு கேபிளின் முனையை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இல்ல சார்."

"தெரியாம தப்பா அழுத்திட்டாக்கூடவா?"

"அழுத்தினா அழுத்தினதுதான்."

சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இங்கே குருவுக்கு வயது இருபத்தேழு, சீடருக்கு நாற்பத்தெட்டு. குரு படித்த கல்லூரியில்தான் சீடர் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். "வயரைத் தொடாதம்மா" என்று அன்றைக்கு ரிஸ்வானாவை விரட்டியவரும் இவரேதான். இப்போது இவர் அவரை டீச்சர் என்கிறார், அவர் இவரை சார் என்கிறார். இருவருக்கும் பழகிவிட்டது.

திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது ரிஸ்வானாவின் பயிற்சி மையம். எட்டு மேஜை, எட்டு கம்ப்யூட்டர், ஒரு கரும்பலகை. அவ்வளவுதான் ஆசிரமம்.

கல்லூரியில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். லேப்பில் வேலை பார்ப்பவர் நெட்வொர்க் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆரம்ப நிலைத் தேர்வுதான். ஜூன் முப்பதுக்குள் காட்டவில்லையென்றால் லேப் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தச் சாவிக்கொத்து இருபத்திரண்டு வருடமாக அவர் இடுப்பில் தொங்குகிறது.

இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர் மனைவி பிலோமினா கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாவது முறை வருகிற சனிக்கிழமை, மதுரையில். அதற்குப் பிறகு ஜூன் முடிகிறது.

பாடம் தெரியாமல் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். சவரிமுத்துவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளையும் கீழிருந்து மேலே ஒருமுறை, மேலிருந்து கீழே ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் மறுபடி படுப்பார்.

முதல் முறை நாலாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார். 'அடுத்தது' என்ற பொத்தானை அழுத்தியதும் சந்தேகம் வந்தது. பி போட்டோமே, சி-யாக இருக்குமோ? ஐந்தாவது கேள்வியைப் படிக்கும்போது நாலாவது வந்து நின்றது. பன்னிரண்டாவதிலும் அதுவே வந்தது. நேரம் முடிந்தபோது பதினேழு கேள்விகள் தொடாமல் கிடந்தன.

இரண்டாவது முறை அது பதினொன்றாவது கேள்வி. இருபத்தொரு கேள்விகள் தொடாமல் கிடந்தன. முன்னேற்றம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும்போது நாலாவது கேள்வியைப் பிலோமினாவிடம் சொல்லிச் சொல்லி, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத அந்த அம்மாவுக்கும் அது மனப்பாடம். "இனிமே நாலாவது கேள்விக்கும் சேத்துத்தான் உலை வைக்கணும்போல" என்று ஒருநாள் சொல்லிவிட்டாராம். சவரிமுத்து அதற்குச் சிரிக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை.

"டீச்சர், கேள்வித் தொகுப்பு இன்னும் ரெண்டு இருந்தா குடுங்க. எல்லாத்தையும் பாத்துட்டா சந்தேகம் வராதுல்ல?"

"வரும் சார்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

ரிஸ்வானா கத்தரியை மேஜையில் வைத்தார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

சவரிமுத்துவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஆறு பிள்ளைகள் இணையத்தில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். மூலை மேஜையில் ஸ்விட்ச் இருந்தது, எல்லாக் கம்ப்யூட்டரின் கேபிள்களும் வந்து கூடுகிற சின்னப் பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு கேபிளின் முனை மேஜை விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ லேப்டாப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு கேபிளை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்.

தொங்குகிற வயர் சவரிமுத்துவுக்கு ஆகாது. அவருடைய லேப்பில் ஒன்றுகூடத் தொங்காது.

ஸ்விட்சில் கேபிள் செருகுகிற ஒரு வாசல் காலியாக இருந்தது. முனையை எடுத்துச் செருகினார். டக் என்று உட்கார்ந்தது. மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"சார், நெட் போச்சு" என்றாள் ஜன்னலோரம் இருந்த பெண்.

"எனக்கும் போச்சு."

ஆறு திரைகளும் நின்றுவிட்டன.

சவரிமுத்து படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். டீச்சர் இல்லாத நேரம். நாளை மறுநாள் தேர்வு. இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாதவன் அங்கே போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறான்?

முதல் கம்ப்யூட்டரில் ஐபி முகவரியைப் பார்த்தார். சரியாக இருந்தது. இரண்டாவதில் பார்த்தார். அதுவும் சரி. மூன்றாவதுக்கு வந்ததும், முதலாவதைச் சரியாகப் பார்த்தோமா என்று தோன்றியது. திரும்பிப் போனார். சரிதான். நாலாவதுக்கு வந்ததும் மறுபடி தோன்றியது. மறுபடி போனார்.

ரவுட்டரை அணைத்துப் போட்டார். ஸ்விட்சை அணைத்துப் போட்டார். ஒரு நொடி உயிர் வந்த மாதிரி இருந்து மறுபடி போனது. மறுபடி முதல் கம்ப்யூட்டருக்குப் போனார்.

ரிஸ்வானா எப்போதோ திரும்பி வந்திருந்தார். டீ டம்ளரோடு அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அரை மணி நேரம் போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சவரிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். இடுப்புச் சாவிக்கொத்து தரையில் இடித்தது. அறை வாசலில் நின்ற டீச்சரை அப்போதுதான் பார்த்தார்.

"எனக்கு இது வராது டீச்சர். நான் சனிக்கிழமை போகல. பிலோமினாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

ரிஸ்வானா டம்ளரை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஸ்விட்சைப் பாருங்க சார்."

பார்த்தார். அத்தனை பச்சை விளக்கும் ஒரே படபடப்பாகத் துடித்துக்கொண்டிருந்தன.

"எல்லா லைட்டும் எரியுது டீச்சர். நல்லா வேகமாத்தான் வேலை செய்யுது."

"என்ன வேலை செய்யுது?"

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். எதிரே ஆறு திரைகள் அசையாமல் இருந்தன.

"யாருக்கும் ஒண்ணும் போய்ச் சேரல. அப்ப உள்ள இவ்வளவு அவசரமா என்ன ஓடுது?"

சவரிமுத்து முட்டிபோட்டு எழுந்தார். தான் செருகிய கேபிளைப் பிடித்து விரலாலேயே தடவிக்கொண்டு போனார். மேஜைக்குப் பின்னால் இறங்கியது. மேஜைக் காலைச் சுற்றியது. மேலே ஏறியது. அதே ஸ்விட்சின் மூன்றாவது வாசலில் போய் முடிந்தது.

"ரெண்டு முனையும் இதுலயே இருக்கு."

"யாரு செருகினது?"

"நான்தான். சும்மா தொங்குச்சு டீச்சர்."

ரிஸ்வானா திட்டவில்லை.

"இப்படிச் செருகினா என்ன நடக்கும்? பாடத்துல இருக்கே, சொல்லுங்க."

பாடம் என்றதும் வாய் தானாகத் திறந்தது. ஒரு கம்ப்யூட்டர், இந்த முகவரி யாருடையது என்று ஒரு கேள்வி கேட்கும். ஸ்விட்ச் அதை எல்லா வாசல் வழியாகவும் வெளியே அனுப்பும். இந்த முனை வழியாக வெளியே போனது அந்த முனை வழியாக உள்ளே வரும். ஸ்விட்ச் அதைப் புதுக் கேள்வி என்று நினைக்கும். மறுபடி எல்லா வாசல் வழியாகவும் அனுப்பும். அது மறுபடி உள்ளே வரும். மறுபடி...

ஒப்பித்துக்கொண்டே வந்தவரின் குரல் மெதுவாகிக்கொண்டே போனது.

"மொத்தம் எத்தன கேள்வி சார்?"

"ஒண்ணு."

"அதுக்குப் பதில்?"

"பதில் எப்பவோ வந்திருக்கும்."

"கேள்வி?"

சவரிமுத்து துடிக்கிற விளக்குகளைப் பார்த்தார். "இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

ரிஸ்வானா அவருக்குக் கேபிள் முனையைக் காட்டினார். முனையில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் கழன்று வரும்.

"அழுத்துங்க. இழுங்க."

அழுத்தினார். இழுத்தார்.

விளக்குகள் அடங்கின. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒன்று மினுங்கியது. இன்னொன்று மினுங்கியது.

"வந்துருச்சு சார்" என்றாள் ஜன்னலோரப் பெண்.

சவரிமுத்து கையிலிருந்த முனையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கை தானாகக் காலி வாசலைத் தேடியது.

"இது தொங்குமே டீச்சர்."

"தொங்கட்டும்."

அன்று வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை.

சனிக்கிழமை காலை மதுரையில், தேர்வு மையத்துக்காரர்கள் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்கள். பர்சை வாங்கிக்கொண்டார்கள். சாவிக்கொத்தையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். இடுப்பு லேசாக இருந்தது. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏசி அறை, மேலே கேமரா. முதல் கேள்வி வந்தது, போட்டார். இரண்டாவது வந்தது, போட்டார். உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது.

ஆறாவதை அழுத்தியதும் வந்தது. ஏ போட்டோமே, டி-யோ? ஏழாவது கேள்வி திரையில் இருந்தது. அதன் எழுத்துகள் கண்ணில் ஏறவில்லை. இதோ, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார். பிலோமினாவின் முகம் வந்தது.

வலது கை மவுஸை விட்டது. மேஜைக்குக் கீழே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை அழுத்தின. மெதுவாக இழுத்தன.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். மேற்பார்வை பார்க்கும் பெண், கேமராவில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"கையில என்ன வச்சிருக்கீங்க சார்?"

சவரிமுத்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா."

அவள் அந்தக் கையைப் புரட்டியும் பார்த்தாள். திரும்பிப் போனாள். அவர் ஏழாவது கேள்வியைப் படித்தார். அந்தப் பெண் அன்று இன்னும் இரண்டு முறை வந்து கையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் நாலு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. ஜெராக்ஸ் கடையின் படியேறினார்.

மதியத்திலிருந்து பிலோமினா ரிஸ்வானாவை மூன்று முறை போனில் கூப்பிட்டிருந்தார். புருஷனைக் கூப்பிட அவருக்குத் தைரியம் வரவில்லை.

சவரிமுத்து ரிசல்ட் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். உட்கார்ந்தார். மூலையில் அந்தக் கேபிள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ரிஸ்வானா தாளைத் தொடவில்லை.

"இந்தத் தடவை எந்தக் கேள்வி சார்?"

சவரிமுத்து யோசித்தார். ஏசியின் சத்தம் நினைவுக்கு வந்தது. கையைப் புரட்டிய பெண்ணின் நெயில் பாலிஷ் நிறம்கூட நினைவுக்கு வந்தது. நெற்றியைச் சுருக்கி இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

"சந்தேகம் வந்துச்சு டீச்சர். மூணு எடத்துல வந்துச்சு." நிறுத்தினார். "எந்தக் கேள்வின்னு ஞாபகம் இல்ல."

ரிஸ்வானா போனை எடுத்தார். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அக்கா, சார் பாஸாயிட்டாரு."

தாள் கவிழ்ந்தபடியே கிடந்தது. சவரிமுத்து ஆமாம் என்று தலையாட்டினார்.