இல்லாத மாம்பழத்தின் விலை

கோணப்புளியூர்க்காரர்கள் புத்தியைத் திருவிழாவுக்கு மட்டும்தான் வெளியே எடுப்பார்கள். அந்த வருஷம் திருவிழாவும் நடக்கவில்லை.

அந்த வருஷம் பார்த்துப் பலவேசத்துக்குக் கல்யாண ஆசை வந்தது. பெண்ணின் அப்பா சொரிமுத்து ஒரு வண்டி மாம்பழத்தை ஒப்படைத்து, "நல்ல விலைக்கு வித்துட்டு வாரும் மாப்ள. அப்பத்தான் எம்பொண்ணு" என்றுவிட்டார். பலவேசம் தன் கூட்டாளிகளான மாடப்பனையும் ஆண்டியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான்.

நல்ல விலை என்றால் எவ்வளவு? பஸ்ஸுக்குக் காத்திருந்த பொருளாதாரப் பேராசிரியர் ஒருவரைக் கேட்டார்கள். அவருக்கும் பேச்சுத் துணை இல்லாமல் நாக்கு அரித்துக்கொண்டிருந்தது.

"ஜெர்மனியில பெரிய பெரிய பண்டிதருங்க இதுக்காக மல்லுக்கட்டியிருக்காங்க தம்பி. விலை பழத்துக்குள்ள இல்ல, தின்னுறவன் ஆசையில இருக்கு. முதல் பழம் அமிர்தம். தின்னத் தின்ன ஆசை குறையும். ஆனா சரக்கு குறையக் குறைய விலை ஏறும்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மூவரும் தலையில் கைவைத்து யோசித்தார்கள்.

"ஆசைய அளந்தாத்தான விலை சொல்ல முடியும்?" என்றான் மாடப்பன்.

"யாரு ஆசைய?" என்றான் பலவேசம்.

"நம்மகிட்ட நம்ம ஆசைதானல இருக்கு."

அளக்க ஆரம்பித்தார்கள். முதல் பழத்தைத் தின்றுவிட்டுப் பலவேசம் நூறு ரூபாய் மதிப்புப் போட்டான். அடுத்ததற்குத் தொண்ணூறு. அப்புறம் மளமளவென்று இறங்கியது. வாங்க வந்தவர்களை, "இன்னும் அளந்து முடியல, ஓரமா நில்லுங்க" என்று ஆண்டி விரட்டினான். சாயங்காலம் கடைசிப் பழத்தை அவனே கண்ணீரோடு விழுங்கி, "இதுக்கு நமக்குத்தான் யாராவது துட்டு தரணும்" என்றான்.

பலவேசத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பழமும் போச்சு, பெண்ணும் போச்சு என்று உட்கார்ந்து அழுதான்.

"ஏம்ல அழுத?" என்றான் மாடப்பன். "சரக்கு குறையக் குறைய விலை ஏறும்னாருல்லா? இப்ப ஒண்ணுகூட இல்ல. விலை எங்க போயிருக்கும்னு நெனச்சுப் பாரு."

பலவேசம் நினைத்துப் பார்த்தான். சந்தோஷத்தில் தலை சுற்றியது. காலிக் கூடைகளைத் திருடர் கண்ணில் படாமல் சாக்கால் மூடி, காவலோடு ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சொரிமுத்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல மாமா. இத வாங்குத அளவுக்கு இந்தச் சீமையில எவங்கிட்டயும் பணம் கெடையாது."

மாமனார் பூரித்துப்போய், அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் வைத்தார்.

முகூர்த்த நேரம் வந்தது. மேளம் முழங்கியது. பலவேசம் வைக்கோல்போருக்குள் மூச்சை அடக்கிப் படுத்திருந்தான். நேரம் ஆக ஆகத் தன் மதிப்பு ஏறுவது அவனுக்கே நன்றாகத் தெரிந்தது. பந்தலில் சொரிமுத்து வந்தவர்களிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்படி ஒரு மாப்பிள்ளை எவனுக்கும் கெடைக்க மாட்டாரு. எனக்கே கெடைக்கல, பாத்துக்கிடுங்க."