மன்னர் வந்தால் பறக்கும் கேபிள்

வெண்குன்றூரில் அநியாயம் நடந்தது அஞ்சுகம் என்ற மாணவிக்கு. ஐந்து வருடம் நட்சத்திரங்களை ஆராய்ந்தவள். அவளுடைய வாய்மொழித் தேர்வு வீடியோவில் நடந்தது, மாலை ஆறரைக்கு. தேர்வாளர்கள் ஏழு கேள்வி கேட்டார்கள். ஏழுக்கும் பதில் சொன்னாள். ஆனால் அவர்கள் திரையில் தெரிந்ததோ, வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நின்ற ஒரு முகம். ‘பதில் இல்லை’ என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பட்டம் போயிற்று.

அதற்கு முந்தின மாதம்வரை அவள் வீட்டில் டி.எஸ்.எல். இருந்தது. தொலைபேசிக் கம்பியில் வரும் இணையம். வேகம் சுமார்தான். ஆனால் தொலைபேசி நிலையம் நாலு வீடு தள்ளி இருந்ததால் ஒரு நாளும் நின்றதில்லை. அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, இனி டி.வி. வரும் கேபிளில்தான் ஊர் முழுக்க இணையம் என்று மன்னரை ஆணை போட வைத்தவர் மந்திரி வீரபத்திரர். கேபிள் குத்தகை யாருக்கு என்று கேட்கிறீர்களா? மந்திரியின் மைத்துனருக்கு. வேறு யாருக்குப் போகும்?

அரசவையில் மனுக்களைப் படித்துக் காட்டுவது பொன்னாச்சியின் வேலை. படிப்பதற்கு மட்டும்தான் சம்பளம். ஆனால் அவள் படித்ததோடு நிறுத்தியதாக யாருக்கும் நினைவில்லை. அஞ்சுகத்தின் மனுவைப் படித்துவிட்டு, “கம்பியைத் திருப்பிக் கொடுங்கள் அரசே, தேர்வையும் மறுபடி வைக்கச் சொல்லுங்கள்” என்றாள்.

மந்திரி சிரித்தார். “பதில் தெரியாத பிள்ளைகள் இப்போதெல்லாம் இணையத்தைத்தான் சாக்குச் சொல்கிறார்கள். கம்பியில் வேகம் பத்து வந்தது. கேபிளில் நூறு வருகிறது. பத்து பெரிதா, நூறு பெரிதா?”

“நானே அந்தத் தெருவுக்குப் போய்ச் சோதித்தேனே” என்றார் மன்னர் கோப்பெருமாள். “அதே மாலை நேரம்தான். கேபிள் இணையத்தில் யானைப் பந்தயம் முழுவதும் பார்த்தேன். ஒரு யானைகூட நடுவில் நிற்கவில்லை.”

“அப்போது தெரு ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், அரசே?” என்றாள் பொன்னாச்சி.

“என் முரசு கேட்ட பிறகு எவன் வீட்டுக்குள் இருப்பான்? டி.வி.யை அணைத்து, போனை வைத்துவிட்டு, குழந்தை குட்டியோடு வாசலில் கைகூப்பி நின்றார்கள். நான் கிளம்பும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.”

பொன்னாச்சிக்குப் புரிந்துவிட்டது. கேபிள் தெருவுக்கே பொது. நாற்பது வீடும் வெளியே நின்றால் மொத்த வேகமும் மன்னருக்கு. நாற்பது வீடும் உள்ளே உட்கார்ந்து இணையத்தைத் திறந்தால் அஞ்சுகத்துக்கு மிஞ்சுவது பாதி திறந்த வாய். இதைச் சொல்ல அவள் வாயெடுத்தபோது மன்னர் கையை உயர்த்தினார்.

“உன் வாதம் எனக்குத் தலைவலி. மூன்று நாள் தருகிறேன். ஒரு வார்த்தை வாதாடக் கூடாது. கம்பிதான் உசத்தி என்று என் வாயாலேயே சொல்ல வை. முடியாவிட்டால் அந்தப் பெண் இன்னும் ஒரு வருடம் படிக்கட்டும். நீ யானைக் கொட்டாரத்துக்குப் போய் மனு படி.”

பொன்னாச்சி நேரே மகாராணியிடம் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை மன்னர் தன் மாமனாரோடு வீடியோவில் பேசுவது வழக்கம். மாமனார் பக்கத்து நாட்டு ராஜா, முன்கோபி. அந்த வெள்ளி மகாராணி, “அஞ்சுகம் வீட்டில் பணியாரம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவோடு அங்கிருந்தே பேசிவிடுவோம்” என்றாள். “முரசு மட்டும் வேண்டாம். அப்பா பேசுவது காதில் விழாது.”

மந்திரியும் பொன்னாச்சியும் கூட வர, முரசில்லாமல் போனார்கள். தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மணி ஆறரை. நாற்பது வீட்டிலும் இணையத்தில் சீரியல், கிரிக்கெட், டியூஷன்.

மாமனார் திரையில் வந்தார். நலம் விசாரித்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, “மாப்பிள்ளை, என் மகளுடைய பிறந்தநாள் என்றைக்கு?” என்றார்.

“ஆவணி பதினாலு, மாமா” என்றார் மன்னர், கொஞ்சமும் யோசிக்காமல்.

“என்றைக்கு?”

“ஆவணி பதினாலு.”

“வாயைத் திறந்து வைத்துக்கொண்டு... இரண்டு தடவை கேட்டு... மனைவியின் பிறந்தநாள்கூட...” துண்டு துண்டாக வந்த குரல், “என் மகளை நாளைக்கே அனுப்பி வையும்” என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிட்டு அணைந்தது.

மன்னரின் கையிலிருந்த பணியாரம் கீழே விழுந்தது. “நான் சொன்னேனே. நீங்கள் எல்லாரும் கேட்டீர்களே.”

அஞ்சுகம் தலையாட்டினாள். “கேட்டோம், அரசே. நன்றாகத்தான் சொன்னீர்கள்.”

மன்னர் மந்திரியைப் பார்த்தார். “அன்றைக்குப் பறந்ததே, ஐயா?”

“அன்றைக்கு எல்லாரும் வாசலில்... இப்போதும் முரசடித்தால் இரண்டே நிமிடத்தில் தெருவைக் காலி பண்ணிவிடலாம்” என்றார் மந்திரி.

“என் பெண்டாட்டியைக் காப்பாற்றிக்கொள்ள வாரா வாரம் ஊரையே தெருவில் நிறுத்தச் சொல்கிறீரா?” மன்னர் பொன்னாச்சி பக்கம் திரும்பினார். “ஓலை எடு, எழுது. ‘எனக்குப் பதில் தெரியும். சொல்லவும் செய்தேன். பாழாய்ப்போன கேபிள் நடுவழியில் நின்றுவிட்டது. அது என் குற்றமில்லை. அதை வைத்து என்னைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. டி.எஸ்.எல். கம்பிதான் உசத்தி. மெதுவாக வந்தாலும் வந்து சேரும். அதில் மறுபடி ஒருமுறை கேளுங்கள்.’ எழுதிவிட்டாயா?”

“எழுதிவிட்டேன், அரசே.”

“உடனே அனுப்பு.”

வந்த நேரம் முதல் ஒரு வார்த்தைகூட வாதாடாத பொன்னாச்சி அடக்கமாகக் கேட்டாள்: “இரண்டு பிரதி எடுக்கட்டுமா, அரசே? ஒன்று மாமனாருக்கு. இன்னொன்று, கையெழுத்துப் போடும் இடத்தில் அஞ்சுகத்தின் பெயரைப் போட்டு, பல்கலைக்கழகத்துக்கு.”