முழங்கை ஆழம்

"அவ நெனப்பை அடியோட தோண்டி எடுத்துப் போடுங்க, தாயி. என்னால முடியல."

கரிசல் காட்டிலிருந்து வந்த கொம்பையா குருவிடம் இப்படித்தான் கேட்டார். கிணறு வெட்டிப் பிழைத்தவர். மனைவி பேராச்சி இறந்து இரண்டு வருடம் ஆகியும் காலையில் அவர் கை தானாக இரண்டு தம்ளரில் காப்பி ஊற்றிவிடும். பிறகு ஒன்றைத் தரையில் கொட்டுவார். கொட்டும்போது கேட்கும் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

குரு நாச்சியார் அவரைவிட வயதில் மிக இளையவள். கடலோரக் குடிசையில் தனியாக இருந்தாள். காப்பியைத் தொடாதவள்.

"அவங்களுக்கு என்ன ஆசை இருந்துச்சு, அண்ணாச்சி?"

"கடலைப் பார்க்கணும்னு. அடுத்த வருசம் போவோம், அடுத்த வருசம் போவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நாச்சியார் எழுந்தாள்.

"தீவுக்குப் போவோம். ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம். குடிதண்ணி எடுக்க வேண்டாம்."

படகில் கூட்டிப்போன வள்ளக்காரர் அவர்கள் இருவரையும் தீவில் இறக்கிவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். ஆளில்லாத சின்னத் தீவு. தாழம்புதரில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் கொம்பையாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"குடிக்கத் தண்ணி?"

"மணலுக்குள்ள இருக்கு. எடுங்க."

கிணறு வெட்டுகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டுமா! அவள் நீட்டிய மண்வெட்டியை வாங்கினார். தீவின் நடுவில் இடுப்பளவு தோண்டினார். தண்ணீர் வந்தது. அள்ளி வாயில் வைத்தார். துப்பினார்.

உப்பு.

கொஞ்சம் தள்ளி இன்னும் ஆழமாகத் தோண்டினார். அங்கே இன்னும் கரித்தது.

"நல்லா வெட்டுறீங்க, அண்ணாச்சி. கடலையே கண்டுபிடிச்சிட்டீங்க."

"எங்க ஊர்ல ஆழமாப் போனாத்தான் தாயி தண்ணி!"

அவருக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

நாச்சியார் மணலில் மண்டியிட்டாள். கையாலேயே மணலை விலக்கினாள். முழங்கை ஆழம்தான் இருக்கும், நிறுத்திவிட்டாள். காத்து உட்கார்ந்தாள்.

மெல்ல ஊறியது.

கலங்காமல் சிரட்டையால் மேலாக வழித்துக் கொடுத்தாள். கொம்பையா குடித்தார். இனித்தது.

"இதுக்குக் கீழ?"

"உப்புத்தான்."

"நான் வெட்டினேனே, அதே உப்பா?"

"அதே உப்பு."

அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த உப்பை முழுசா எறைச்சுக் கொட்டிட்டா?"

"கொட்டிட்டா, இந்தத் தண்ணி எதுமேல நிக்கும்?"

கொம்பையா மண்வெட்டியை எடுத்தார். தான் வெட்டிய இரண்டு குழிகளையும் மூடினார். பொழுது சாய்ந்தது. கரையில் அலை வந்து வந்து போயிற்று. அவருக்குப் பேராச்சி வேண்டும்போல் இருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

விடிந்ததும் அந்த ஊற்றில் பொறுமையாகத் தண்ணீர் எடுத்தார். சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டினார். கருப்பட்டிக் காப்பி கொதித்தது. வழக்கம்போல் கை இரண்டு தம்ளரில் ஊற்றிவிட்டது.

ஒன்றைக் கொட்டத் தூக்கினார்.

நாச்சியார் பார்த்தாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

பிறகு இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். ஈர மணலில் உட்கார்ந்தார். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அங்கே ஒரு தம்ளரை வைத்தார்.

"இதான் கடல், பேராச்சி," என்றார். "ஆறுறதுக்குள்ள குடி."