குக்குறுவான் தள்ளிவிட்ட பித்தளை

அந்தக் காலத்தில், பறவையும் மனிதரும் பேச்சுக்குப் பேச்சு கொடுத்துக்கொண்டிருந்தபோது, குக்குறுவான் என்ற குருவி உடம்பெல்லாம் பச்சையாக இருந்தது. இலைக்குள் உட்கார்ந்தால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாய் சும்மா இருக்காதே! எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்கும். ஆந்தையைப் போய், "பகலில் ஏன் தூங்குகிறாய்?" என்று எழுப்பி உதை வாங்கியதும் உண்டு.

மலையடிவாரத்தில் அங்கமுத்து ஆசாரியின் பட்டறை. இரும்பு அவர் சொன்னபடி கேட்கும். பித்தளையை அதுவரை அவர் தொட்டதில்லை. அந்த வருஷம் தினை முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிட்டன. வெடிச்சத்தத்துக்குத்தான் அவை ஓடும் என்று ஆசாரி ஒரு நாட்டுத் துப்பாக்கி செய்தார். அடிக்கட்டைக்குப் பித்தளைத் தகடு பொருத்துவது மட்டும் பாக்கி.

"கட்டைக்கு எதற்குத் தகடு?" என்றது பட்டறைக் கூரையில் உட்கார்ந்திருந்த குக்குறுவான்.

"துப்பாக்கிய நிமித்தி வச்சு, குழல் வாயில மருந்தப் போட்டுக் கம்பியால இடிக்கோணும். தகடு இல்லீன்னா கட்டை தரையில மோதிப் பொளந்துக்கும்."

தகட்டுக்காக மனைவி பாவாயி தன் சீர்த் தாம்பாளத்தையே வெட்டக் கொடுத்திருந்தாள். கட்டையின் வளைவுக்கு ஏற்ப ஒரு துண்டைத் தட்டினார். தட்டத் தட்ட முறுக்கேறி விரிசல் விட்டது. அடுத்த துண்டை இரும்பைப்போலப் பழுக்கக் காய்ச்சிச் சூட்டோடு அடித்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. மிச்சம் ஒரே துண்டு.

"ஏனுங்க, இதும் போச்சுன்னா தினை பன்னிக்குத்தானுங்க," என்று பாவாயி கண்கலங்கினாள்.

"இதக் காய்ச்சி மெதுவா ஆறவிடறேன். இரும்பு அப்படித்தான் மெத்துனு ஆகும்." சிவந்த தகட்டைத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

இரும்பு தண்ணீரில் விழுந்தால் 'சுர்' என்கிறது, இந்த மஞ்சள் தகடு என்ன சொல்லும்? குக்குறுவானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெற்றியை முட்டுக்கொடுத்து, நெஞ்சை அழுத்தித் தள்ளியே விட்டது. 'சுர்ர்' என்று எழும்பிய ஆவி அதன் தொண்டைக்குள் பாய்ந்தது.

"பாழாப்போன குருவி! தண்ணியில போட்டா விறைச்சுக்குமே! இனித் தொட்டா ஒடையுமே!"

ஆசாரி ஆத்திரத்தோடு தகட்டை எடுத்துக் கட்டையில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். அது உடையவில்லை. ஊறிய தோல்போல வளைந்து, கட்டையோடு ஒட்டிக்கொண்டது. பாவாயி சிரித்தேவிட்டாள். அன்று சாயங்காலமே வெடி வெடித்தது, பன்றிகள் மலையேறி ஓடின.

அப்புறம்தான் இருவரும் குருவியைப் பார்த்தார்கள். அதன் நெற்றியும் நெஞ்சும் சிவந்திருந்தன. ஆசாரிக்கு வெட்கமாகப் போயிற்று.

"வாயில வந்தபடி வஞ்சுபோட்டேன் சாமி. என்ன வேணும், கேளு."

அதே தண்ணீர் இரும்பை விறைக்க வைக்கிறது, பித்தளையை ஏன் விறைக்க வைக்கவில்லை? குக்குறுவானுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். வாயைத் திறந்தது. வெந்த தொண்டையிலிருந்து "டொக்" என்று மட்டும் வந்தது.

"தினை வேணுமா?"

"டொக்."

"பழமா?"

"டொக்! டொக்!"

அன்று முதல்தான் ஆசாரிகள் பித்தளையை வளைக்குமுன் காய்ச்சித் தண்ணீரில் போடுகிறார்கள். குக்குறுவானோ உச்சிவெயிலில் மரநுனியில் உட்கார்ந்து, பதில் எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று தலையைத் திருப்பித் திருப்பி, "டொக், டொக்" என்று இன்னமும் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.